விடாத அரிப்பு, கொத்துக் கொத்தாகத் தடிப்பு: க்ளூட்டன்தான் காரணமா என்று உறுதி செய்வது எப்படி

இரண்டு முழங்கையிலும் ஒரே மாதிரி, இரண்டு முழங்காலிலும் ஒரே மாதிரி, அப்புறம் பிட்டத்தில், பிடரியில், தோள்பட்டையில், சில பேருக்கு உச்சந்தலையில் முடிக்குள்ளே, சின்னச் சின்னதாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பும் தடிப்பு. தாங்க முடியாத அரிப்பு. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் எரிச்சல். களிம்பு போட்டால் கொஞ்சம் அடங்குகிறது, விட்டால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. இப்படியே மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். பெயர் நீளம் என்பதால் இனி டி.எச். என்றே எழுதுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போவதால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்புக்கே எதிராகத் திரும்பி, கடைசியில் தோலில் வந்து நிற்கிறது. க்ளூட்டனால் இப்படிக் குடல் சேதமாகும் நோய்க்கு சீலியாக் என்று பெயர், அது சிலருக்கு வயிற்றில் தெரியும், சிலருக்கு இப்படித் தோலில் தெரியும். பெயரில் ஹெர்பெஸ் மாதிரி ஏதோ இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்த வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நல்ல, உறுதியான பரிசோதனை இருக்கிறது. அப்படி இருந்தும் ஏன் இத்தனை பேர் வருஷக்கணக்கில் கரப்பான், அலர்ஜி, பூஞ்சை, மன உளைச்சல் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்றால், பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் தப்பு நடக்கிறது. ஒன்று, பரிசோதனைக்கு முன்பே நாமாகக் கோதுமையை நிறுத்திவிடுவது. இன்னொன்று, தோலில் மாதிரி எடுக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் எடுப்பது, அல்லது எடுத்த மாதிரியைத் தவறான திரவத்தில் போட்டு அனுப்புவது. இந்த இரண்டையும் நோயாளி தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. என் அக்காவோடு இந்த வழி முழுக்க நடந்ததால் எழுதுகிறேன், அவளைப் போல இன்னொருவர் தூக்கமில்லாமல் கிடக்கக் கூடாது.

கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்து முடித்த கையோடு பலரும் செய்ய நினைப்பது இதைத்தான். நாளையிலிருந்து கோதுமை வேண்டாம், அரிப்பு குறைகிறதா பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பரிசோதனைகள் எல்லாம் முடியும்வரை எப்போதும் சாப்பிடுவதைப் போலவே சாப்பிடுங்கள்.

காரணம் எளிது. ரத்தத்தில் நாம் தேடுவது க்ளூட்டனால் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களை. குடலில் தேடுவது க்ளூட்டனால் வந்த சேதத்தை. க்ளூட்டன் உள்ளே போவது நின்றுவிட்டால் இரண்டும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும், ரிப்போர்ட் நார்மல் என்று வரும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம் உறுதி செய்ய வேண்டுமென்றால் மறுபடியும் வாரக்கணக்கில் க்ளூட்டன் சாப்பிட்டு நோயைக் கிளப்பித்தான் பார்க்க வேண்டும். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம்.

நிறுத்திப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் சீக்கிரம் தேறினாலும் டி.எச். தடிப்பு அப்படி இல்லை, உணவை மாற்றியபின் முழுதாக அடங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். மூன்று வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே, அப்போ க்ளூட்டன் காரணமில்லை என்று முடிவு கட்டினால் அது தப்பான முடிவு. இந்தத் தடிப்பு தானாகவே கூடிக் குறையும் சுபாவம் கொண்டது, அதனால் மூன்று வாரத்தில் குறைந்துவிட்டது என்றாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? மனம் உடைய வேண்டாம். தோலில் படிந்திருக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை, க்ளூட்டனை விட்டு மாதக்கணக்கில் ஆனபிறகும், பலருக்கு அதற்கு மேலும், தோலில் இருந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்ச நாள்தான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால் தோல் பரிசோதனை இன்னும் பதில் சொல்லும். எப்போதிலிருந்து நிறுத்தினீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டுமா, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்பு குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவில் க்ளூட்டன் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல். அவ்வளவு தாங்க முடியாதவர்களுக்கு டாக்டர்கள் வேறு அளவு சொல்வதும் உண்டு. நாமாகத் திடீரென்று ஒரே நாளில் நிறையச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுப்பதில் பயனில்லை.

உங்கள் தடிப்பை நீங்கள் முதலில் கவனியுங்கள்

டி.எச்.-இன் அசல் கொப்புளத்தைப் பல டாக்டர்கள் நேரில் பார்க்கவே முடிவதில்லை. கொப்புளம் வரும்போதே அரிப்பு அப்படி இருக்கும், நகம் பட்டு உடைந்துவிடும். டாக்டர் முன்னால் போய் உட்காரும் நேரத்தில் மிஞ்சியிருப்பது கீறல், பொருக்கு, கருத்துப்போன தழும்பு, அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது சாதாரண சொறி மாதிரிதான் தெரியும். அதனால் புதிதாக வரும்போதே படம் எடுத்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி நின்று ஒன்று. இரண்டு முழங்கையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று எடுத்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் உடம்பின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே இடங்களில் வருவது இந்த நோயின் பெரிய அடையாளம்.

கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும்? குண்டூசித் தலையளவுக்கு, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளே தெளிந்த நீரோடு இரண்டு மூன்று புள்ளிகள் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும். அடியில் தோல் வீங்கித் தடித்திருக்கும். வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரியும், மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, ஊதா கலந்த பழுப்பாகவோ சுற்றியிருக்கும் தோலைவிடக் கருப்பாகவோ தெரியும். புத்தகத்தில் போட்டிருக்கும் சிவப்புப் படங்களோடு ஒப்பிட்டு நம்முடையது இது இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கொப்புளம் தலைகாட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் சுருக்கென்று எரிவதையோ குத்துவதையோ பலர் உணர்கிறார்கள், அதையும் குறித்து வையுங்கள். சிலருக்கு விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் சின்ன ஊதாப் புள்ளிகள் வரும், அதைத் தடிப்போடு சேர்த்து யாரும் யோசிப்பதில்லை.

வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே, எனக்கு எப்படி க்ளூட்டன் பிரச்சினை இருக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. டி.எச். உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வயிறு பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. குடலை எடுத்துப் பார்த்தால் அங்கே சேதம் இருக்கும், வெளியே தெரியாது. வயது விஷயமும் அப்படித்தான்: முப்பது நாற்பது வயதில் ஆரம்பிப்பது அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரலாம்.

அப்புறம் ஒரு சீட்டில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது ஆரம்பித்தது, எங்கெங்கே, என்னென்ன களிம்பு மாத்திரை போட்டீர்கள், எதற்கு என்ன ஆனது. ரத்தசோகை இருக்கிறதா, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையா, தைராய்டு பிரச்சினை உண்டா, டைப் 1 சர்க்கரை நோய் உண்டா. குடும்பத்தில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் யாருக்காவது சீலியாக் உண்டா. பல் எனாமலில் சிறு வயதிலிருந்தே குழியோ கோடோ இருந்தால் அதுவும் ஒரு துப்பு.

யாரிடம் போவது, என்ன சொல்வது

தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வயிற்று டாக்டர் பின்னால் தேவைப்படலாம், ஆனால் இந்த நோயை உறுதி செய்யும் திறவுகோல் தோலில் இருக்கிறது. போய் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள்: "டாக்டர், இது டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருது, ரொம்ப நாளாச்சு. டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் பயாப்ஸி எடுத்துப் பார்க்க முடியுமா?" பயாப்ஸி என்றால் தோலில் சின்னத் துண்டை மாதிரியாக எடுப்பது, இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்றால் அதில் ஐஜிஏ படிந்திருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்ப்பது. இப்படிக் கேட்பது டாக்டருக்குப் பாடம் நடத்துவது ஆகாது. இது அரிதான நோய், ஒரு தோல் மருத்துவர் தினமும் பார்ப்பதில்லை, படித்த பெயரை ஞாபகப்படுத்தினாலே பலர் உடனே படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

அவர் வேறு நோய்களையும் யோசிப்பார், யோசிக்கத்தான் வேண்டும். சிரங்குப் பூச்சி, கரப்பான், ஏதாவது பட்டதால் வரும் அலர்ஜி, பூச்சிக்கடி, லீனியர் ஐஜிஏ நோய், வயதானவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டு, எல்லாமே வெளியே கிட்டத்தட்ட இப்படித் தோன்றலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்தால், விரல் இடுக்கில் அதிகமாக இருந்தால், முதலில் சிரங்கைப் பார்ப்பது நியாயம். ஆனால் சிரங்கு மருந்து முறையாகப் போட்டும் போகவில்லை, ஸ்டீராய்டு களிம்பு போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இன்னொரு களிம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், பயாப்ஸியைக் கேளுங்கள்.

கோதுமை அலர்ஜிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து சில மணி நேரத்தில் மறையும் அலர்ஜிக்கு உரிய பரிசோதனை அது. தோலில் ஊசி குத்திப் பார்ப்பதோ ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜிப் புரதத்தைப் பார்ப்பதோ டி.எச்.-ஐக் காட்டாது. அது நெகட்டிவ் என்று வந்ததால் க்ளூட்டனுக்கும் தடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பயாப்ஸி: எங்கே எடுக்கிறார்கள் என்பதுதான் எல்லாமே

இந்த ஒரு பகுதியையாவது நிதானமாகப் படியுங்கள், டாக்டரிடம் போகும்முன் இன்னொரு தடவையும் படியுங்கள்.

இரண்டு வகை மாதிரி எடுக்க வேண்டும். முதலாவது, தடிப்பிலேயே எடுப்பது. புதிதாக வந்த, கீறாத, முடிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் கிளம்பிய கொப்புளத்தில். அதை ஃபார்மலினில் போட்டு, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தோலின் மேலடுக்குக்குக் கீழே, விரல் நுனி போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாப்பிலா என்ற பகுதிகளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் அது டி.எச். பக்கம் கை காட்டும். ஆனால் இது மட்டும் போதாது, வேறு நோய்களிலும் இப்படித் தெரியலாம், கீறிய பழைய புண்ணில் எடுத்தால் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

இரண்டாவதுதான் முக்கியமானது. இதைத் தடிப்பில் எடுக்கக் கூடாது. தடிப்புக்குப் பக்கத்தில், பார்க்க நன்றாக இருக்கும் தோலில், அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. தள்ளி எடுக்க வேண்டும். கேட்பதற்கு விநோதமாக இருக்கும், நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஏன் வெட்ட வேண்டும் என்று. காரணம் இதுதான்: தடிப்பு கிளம்பிய இடத்தில் நடக்கும் அழற்சி, அங்கே படிந்திருந்த ஐஜிஏவையே அழித்துவிடும். பக்கத்துத் தோலில் அது பத்திரமாக இருக்கும். தடிப்பில் எடுத்துப் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

இந்த இரண்டாவது மாதிரி ஃபார்மலினில் விழவே கூடாது. ஃபார்மலின் பட்டால் அந்தப் பரிசோதனை கெட்டது. மிஷெல் திரவம் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் சில நாள் தாங்கும். அது இல்லாவிட்டால் சலைனில் போட்டு சீக்கிரமாக, ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்படி செய்வார்கள், அல்லது உடனே உறைய வைப்பார்கள். அக்காவுக்கு முதல் தடவை எடுத்தபோது இரண்டு துண்டையும் ஒரே பாட்டிலில், ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள், ரிப்போர்ட்டில் சாதாரணக் கரப்பான் என்று வந்தது, அதை நம்பி நாங்களும் வீட்டுக்கு வந்தோம். அடுத்த டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்த உடனே கேட்டது, "இம்யூனோஃப்ளோரசன்ஸ் ரிப்போர்ட் எங்கே?" என்றுதான். அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை.

அதனால் மாதிரி எடுக்கும் நாளில் தயங்காமல் கேளுங்கள். இரண்டு பாட்டில் இருக்கிறதா, எது எதற்கு, பக்கத்துத் தோலில் எடுத்தது எந்தப் பாட்டிலில் போகிறது, எந்த ஆய்வகத்துக்கு, இன்றைக்கே போகுமா. இம்யூனோஃப்ளோரசன்ஸ் எல்லா ஆய்வகங்களிலும் செய்வதில்லை, அதனால் முதலிலேயே விசாரித்து வைப்பது நல்லது. வார இறுதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் எடுத்து, மாதிரி எங்கோ ஒரு மேஜையில் இரண்டு நாள் கிடப்பதைவிட, வாரத் தொடக்கத்தில் காலையில் போவது புத்திசாலித்தனம்.

வலி பற்றிப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஒரு ஊசி, அது போடும்போது மட்டும் சுருக்கென்று எரியும். பிறகு பேனா போல ஒரு கருவியை வைத்து ஒரு திருகு திருகி, 4 மி.மீ. அகலத்தில் ஒரு சின்ன உருண்டைத் துண்டை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல். ஒன்று இரண்டு வாரத்தில் பிரித்துவிடுவார்கள், சின்னத் தழும்பு இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மரத்துப்போகும் மருந்துக்கு அலர்ஜி உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். மாதிரி எடுக்கப்போகும் இடத்தில் சமீபத்தில் ஸ்டீராய்டு களிம்பு தடவியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ அதையும் சொல்லுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார்.

ரிப்போர்ட் வந்ததும் அதன் நகலைக் கையில் வாங்குங்கள். அதில் தேட வேண்டிய வார்த்தை கிரானுலர் ஐஜிஏ, அதாவது பாப்பிலாக்களின் நுனியில் அல்லது தோலின் இரண்டு அடுக்குகளும் சேரும் எல்லையில் மணல் தூவியது போலப் புள்ளிப் புள்ளியாக ஐஜிஏ படிந்திருப்பது. 1884இல் லூயி டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இந்த நோயை விவரித்தார், ஆனால் தோலில் இப்படிப் புள்ளிப் புள்ளியாகப் படியும் ஐஜிஏவைக் கண்டறிந்தது 1969இல்தான், இன்றுவரை உறுதி செய்யும் அளவுகோல் அதுவே. கிரானுலர் என்பதற்குப் பதில் லீனியர், அதாவது கோடு போட்டது போல என்று வந்தால் அது லீனியர் ஐஜிஏ நோய். அதற்கும் க்ளூட்டனுக்கும் சம்பந்தம் இருப்பதில்லை, சில சமயம் வேறு ஏதாவது மருந்தால் வந்திருக்கும். ஒரே ஒரு வார்த்தையில் சிகிச்சையே மாறிவிடும், அதனால்தான் ரிப்போர்ட்டை நீங்களும் படியுங்கள் என்கிறேன்.

ரத்தப் பரிசோதனைகள்

தோல் மாதிரியோடு சேர்த்தே ரத்தமும் கொடுத்துவிடலாம். டிடிஜி ஐஜிஏ, அதாவது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான ஐஜிஏ புரதம், முதலில் பார்ப்பது, அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சீலியாக் உள்ள 100 பேரில் 2, 3 பேருக்கு உடம்பிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ நார்மல் என்றுதான் வரும், அதை நம்பினால் ஏமாந்துபோவோம். அவர்களுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனை செய்ய வேண்டும். எண்டோமைசியல் எதிர்ப்புப் புரதம் என்று இன்னொன்று, அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் உறுதி. டி.எச்.-இல் உடம்பின் எதிர்ப்பு சக்தி குறிவைப்பது தோலில் இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் 3 என்ற நொதியை, அதற்கான பரிசோதனையும் உண்டு, ஆனால் எல்லா ஆய்வகங்களிலும் கிடைக்காது, கிடைக்கவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டி.எச். உள்ள எல்லாருக்கும் ரத்தத்தில் பாசிட்டிவ் வருவதில்லை. ரத்தம் நெகட்டிவ், அதனால் பயாப்ஸி வேண்டாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தடிப்பு சந்தேகப்படும்படி இருந்தால் ரத்தம் எப்படி வந்தாலும் தோலைப் பார்த்தே ஆக வேண்டும்.

மரபணுப் பரிசோதனை, எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்பது, சந்தேகத்தை விலக்கத்தான் உதவும். இரண்டும் இல்லை என்றால் டி.எச். இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. இருக்கிறது என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, நோயே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது. ஏற்கெனவே க்ளூட்டனை ரொம்ப நாளாக நிறுத்தியவர்களுக்கு இது பிரயோஜனப்படும், ஏனென்றால் மரபணு உணவால் மாறாது.

எண்டோஸ்கோப்பி கட்டாயமா? தோல் பயாப்ஸியில் கிரானுலர் ஐஜிஏ உறுதியாக வந்துவிட்டால் குடல் பயாப்ஸி இல்லாமலேயே நோயை உறுதி செய்யலாம் என்பதுதான் பொதுவான நடைமுறை. எடை குறைவது, கடுமையான ரத்தசோகை, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது இருந்தால் வயிற்று டாக்டர் செய்து பார்க்கச் சொல்லலாம், அது வேறு கணக்கு.

நெகட்டிவ் வந்துவிட்டால்

ஒரு தடவை நெகட்டிவ் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஐஜிஏ தோல் முழுக்க ஒரே அளவில் படிவதில்லை, ஒரு இடத்தில் இல்லாமல் பக்கத்திலேயே இருக்கலாம். எங்கே எடுத்தார்கள், எந்தத் திரவத்தில் போனது, அந்த நேரத்தில் க்ளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்ற மூன்றையும் முதலில் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நெகட்டிவ், ஆனால் தடிப்பு அதே மாதிரி இருக்கிறது என்றால் வேறு இடத்தில் இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் இல்லை, ரத்தமும் இல்லை, மரபணுவும் இல்லை என்றால் இது டி.எச். இல்லை என்று ஏற்றுக்கொண்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும், அதில் பிடிவாதம் பிடிப்பதும் நமக்கே நஷ்டம். சரியான சிகிச்சை வேறு எங்கோ காத்திருக்கும்.

காத்திருக்கும் நாட்களில்

அரிப்பைத் தாங்கிக்கொண்டு முடிவுக்காகக் காத்திருப்பதுதான் இதில் மிகக் கொடுமை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், ஈரத்துணியைக் குளிர்ச்சியாக வையுங்கள், தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள், உடைந்த கொப்புளத்தில் சீழ் பிடிக்காமல் சுத்தமாக வையுங்கள். அலர்ஜி மாத்திரை அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது, தூக்கம் வரவைக்கலாம். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அதிக அயோடினும் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும், அதற்காக நாமாக உப்பை மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

டாப்சோன் என்ற மாத்திரையைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். டி.எச். அரிப்பை அது சில நாளிலேயே அடக்கிவிடும், போட்டவர்கள் மந்திரம் என்பார்கள். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. முதலில் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் போதுமான அளவு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும், அது குறைவாக இருப்பவருக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகிவிடும். ஆரம்பித்தபின்னும் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி, உதடும் நகமும் நீலம் பூத்தல், மூச்சு வாங்குதல், திடீரென்று புதுவகைத் தடிப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். டாப்சோன் போட்டதும் அரிப்பு நின்றுவிட்டது, அப்போ இது டி.எச்.தான் என்று முடிவு செய்வதும் சரியில்லை, வேறு சில நோய்களும் இதற்கு அடங்கும். தோலை அமைதிப்படுத்துமே தவிர குடலுக்கு அது ஒன்றும் செய்யாது.

உறுதியானபிறகு

இப்போதுதான் கோதுமையை நிறுத்த வேண்டிய நேரம், முழுதாக, வாழ்நாள் முழுக்க. க்ளூட்டன் எதில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லித்தர உணவியல் நிபுணர் ஒருவரைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மால்ட், சோயா சாஸ், கெட்டிப்படுத்திய சூப், சில மாத்திரைகளின் உள்பொருள் என்று நினைக்காத இடங்களிலெல்லாம் இருக்கும். ஓட்ஸ் கோதுமையோடு கலந்துபோகாமல் தனியாகத் தயாரித்ததாக இருந்தால்தான் சரி, அதையும் டாக்டர் சொன்னபிறகு. உணவு மாற்றம் தோலில் வேலை செய்யும்வரை டாப்சோன் கைகொடுக்கும், தடிப்பு அடங்க அடங்க டாக்டர் அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார், பலரால் கடைசியில் மாத்திரையே இல்லாமல் இருக்க முடிகிறது. நடுவில் ஒரு தடவை தெரியாமல் க்ளூட்டன் போய்விட்டால் தடிப்பு திரும்ப வரலாம், உணவு முறை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், எங்கே நுழைந்தது என்று தேடுங்கள்.

இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி அளவுகளையும் தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள், எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் சீலியாக் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்கள் டிடிஜி ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும் பார்த்துக்கொள்வது நல்லது. உங்களுக்காக வீட்டில் எல்லாருமே கோதுமையை விடப் போகிறீர்கள் என்றால், அவர்கள் ரத்தம் கொடுத்து முடித்தபிறகு அதை ஆரம்பியுங்கள். இப்போது நெகட்டிவ் வந்தாலும் பின்னாளில் வரலாம், சில வருஷம் கழித்தோ, ரத்தசோகை, எடை குறைவு, விடாத அரிப்பு என்று ஏதாவது தலைகாட்டினாலோ திரும்பப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் சொல்லி வையுங்கள்.